வலது பக்கத்துப் பதில்

கிடாரின் சத்தத்தை மாற்றிக் கொடுக்கிற ப்ராசஸர் பெட்டியின் பின்பக்கம் இரண்டு துளைகள். ஒன்றின் அருகில் 'லெஃப்ட்' என்றும் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'மோனோ' என்றும் இருக்கும். மற்றதன் அருகில் 'ரைட்'. முதல் துளையில் மட்டும் வயரைச் செருகினால் உள்ளே இருக்கிற இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து அதன் வழியே வரும். இரண்டாவதிலும் செருகிவிட்டால் பாகப்பிரிவினை. இடது பங்கு இடப்பக்கத்துக்கு, வலது பங்கு வலப்பக்கத்துக்கு. அந்த இரண்டாவது வயரின் மறுமுனை எதிலாவது மாட்டியிருக்கிறதா என்று ப்ராசஸர் பார்ப்பதில்லை. வயர் வந்தாயிற்றா, பங்கைக் கொடுத்தாயிற்று.

இத்தனை வருஷமும் அத்தான் ஒரே வயரில்தான் கிடார் வாசித்தார். ஓட்டல் மூலைகள், கடை திறப்பு விழாக்கள், கம்பெனி விருந்துகள். ஒரு ஸ்பீக்கர், முன்னால் நிறைய முதுகுகள். அங்கே யாருக்கும் இரண்டாவது வயர் தேவைப்படவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். நான் இந்த அரங்கத்தில் சவுண்ட் பார்ப்பவன். சவுண்ட் என்று பெயர். ஏ.சி. தண்ணீர் சொட்டினாலும் கழிப்பறைக் கதவு மாட்டிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

போன மாதம் நடன மாஸ்டர் ஒருவர் அரங்கைப் பார்க்க வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண். ஒரு முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். ஒரே ஒரு பெண் ஆடுவாள், ஒரே ஒரு கிடார் வாசிக்கும். முதல் நிகழ்ச்சி இங்கே, அதன் பிறகு ஊர் ஊராகப் பயணம். அவருடைய கிடார்காரர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பதிவு செய்த ட்ராக்கை ஓட்டிவிடலாம் என்று தயாரிப்பாளர் நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"ட்ராக்குக்கு ரூம் போட வேணாம், சோறு போட வேணாம், அது கோவிச்சுக்காதுங்கிறாரு" என்றார் மாஸ்டர். "எனக்கு மேடையில மூச்சு விடுற ஆள் ஒருத்தர் வேணும் தம்பி."

நான் அத்தானைச் சொன்னேன். என் பொறுப்பில் சொன்னேன்.

அத்தான் உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் அவர் எதற்கும் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. "மெல்லுறவங்களுக்கு வாசிச்சு வாசிச்சு அலுத்துப்போச்சு மச்சான். இதை விட்டா மறுபடி அதே ஓட்டல்தான்" என்றார். அக்காவிடம் கேட்டபோது, வீட்டில் வேறு பேச்சே இல்லை என்றாள். பயணத்துக்கு என்று பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறாராம். பெட்டிக்குள் இன்னும் எதையும் வைக்கவில்லையாம். அடிக்கடி திறந்து மட்டும் பார்க்கிறாராம்.

நாளை மாலை நிகழ்ச்சி. இன்று காலையிலேயே வந்து மேடையில் எல்லாவற்றையும் மாட்டினோம்.

ஆட்டத்தின் நடுப்பகுதிக்குத்தான் இரண்டு வயர். அங்கே கிடார் இடது ஸ்பீக்கரிலிருந்து ஒரு கேள்வி கேட்கும். நாலைந்து சுரம்தான். ப்ராசஸர் அதையே கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் மாற்றி, வலது ஸ்பீக்கரிலிருந்து பதிலாகச் சொல்லும். ஆடுகிற பெண் கேள்வி வந்ததும் இடப்பக்கம் திரும்புவாள். பதில் வந்ததும் வலப்பக்கம் ஓடுவாள். மாஸ்டர் அவளை எண்ண விடவில்லை. "எண்ணாதே. கேளு. கேட்டதும் ஓடு" என்பதுதான் பாடம்.

அத்தானின் ஸ்டூலுக்கு இரண்டு பக்கமும் வாசிக்கிறவருக்கே கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் ஒவ்வொன்று வைத்தேன். வேண்டுமானால் காதுக்குள் வைக்கிற இயர்போன் தருகிறேன் என்றேன்.

"காதுல எதையும் அடைச்சுக்க மாட்டேன்டா" என்றார்.

ஆரம்பப் பகுதியையும் முடிவையும் வாசித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. நடுப்பகுதியைப் பார்க்கவில்லை. ஆடுகிற பெண் இன்னும் வந்திருக்கவில்லை. அவள் வந்தபோது சாப்பாட்டு நேரம். சாப்பாடு முடிவதற்குள் மேனேஜர் போன் செய்தார். டிக்கெட் அறையில் ஏ.சி. ஒழுகி டிக்கெட் புத்தகம் நனைந்துவிட்டதாம்.

"நான் சவுண்டு சார்" என்றேன்.

"சொட்டுற சத்தம் கேக்குதுப்பா, வா" என்றார்.

போனேன். குழாய்க்கு அடியில் வாளி வைத்தேன். துணி சுற்றினேன். திரும்பி வந்து அரங்கின் பின்கதவைத் திறந்தபோது ஒத்திகை தொடங்கிவிட்டிருந்தது.

அத்தான் மேடை ஓரத்தில் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் அந்தப் பெண். கேள்வி வந்தது. அவள் இடப்பக்கம் திரும்பினாள். தோளைத் தாழ்த்தினாள். பதிலுக்காக நின்றாள்.

பதில் வரவில்லை.

அத்தான் பதிலுக்கான இடத்தை விட்டார். சரியான அளவுக்கு விட்டார். பிறகு இரண்டாவது கேள்வியை வாசித்தார். அவள் மறுபடி இடப்பக்கம் திரும்பினாள். மறுபடி நின்றாள். மூன்றாவது கேள்விக்குத் திரும்பவில்லை. கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தாள். அத்தான் வாசித்துக்கொண்டே போனார். முகத்தில் லேசான சிரிப்புகூட இருந்தது.

மாஸ்டர் கையைத் தட்டினார். "சார். சார்."

அத்தான் கண்ணைத் திறந்தார்.

"பதில் எங்க சார்?"

"எந்தப் பதில்?"

"அவ எதுக்கு நிக்கிறா?"

அத்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அப்போதுதான் அவள் நிற்பதே அவருக்குத் தெரிந்தது. "நல்லாத்தானே போச்சு" என்றார்.

"எனக்கு ஒண்ணுமே வரல மாஸ்டர்" என்றாள் அவள். "அவரு பாட்டுக்கு வாசிக்கிறாரு. நான் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறேன்."

நான் மேடைக்கு ஓடினேன். வலது வயரின் ஒரு முனை ப்ராசஸரில் இருந்தது. மறுமுனை, மிக்ஸருக்கு இணைப்புப் போகிற மேடைப் பெட்டியில் இல்லை. யாரோ அதைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி, நாடா போட்டுக் கட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். மேடை பெருக்குகிற அம்மா திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "பெருக்குறப்ப கால்ல மாட்டுச்சு. விழுந்துடப் போறாங்கன்னு சுத்தி வெச்சேன் தம்பி" என்றார்.

பிடுங்குவதானால் இரண்டு முனையையும் பிடுங்க வேண்டும். அப்போது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து இடது வயரிலாவது வந்திருக்கும். ஒரு முனை உள்ளே இருந்ததால் வலது பங்கு முழுவதும் சுருட்டி வைத்த வயருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"என் தப்பு மேடம். சாப்பாட்டுக்கு அப்புறம் செக் பண்ணியிருக்கணும்."

"நாளைக்கும் இப்படித்தான் சுருட்டி வெப்பீங்களா?"

"இல்ல மேடம்."

வயரை மாட்டக் குனிந்தேன். அப்போது வலது மானிட்டர் கண்ணில் பட்டது. அத்தானின் முழங்காலிலிருந்து ஒரு முழ தூரம்கூட இல்லை. இவ்வளவு நேரமும் அது ஊமையாக இருந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு அது தெரியாமல் போக வழியே இல்லை.

மறுபடி ஆரம்பித்தார்கள். இப்போது பதில் வந்தது. இடி மாதிரி வந்தது. அந்தப் பெண் ஓடவில்லை, துள்ளினாள்.

"என்ன தம்பி, இப்ப அந்தப் பக்கம் தொண்டை கிழியுது" என்றார் மாஸ்டர்.

மிக்ஸரில் நான் எதையும் மாற்றியிருக்கவில்லை. மேடைக்குப் போய் ப்ராசஸரின் சின்னத் திரையைப் பார்த்தேன். நடுப்பகுதிக்கான அமைப்பில் இடது பாதியளவில் இருந்தது. வலது உச்சத்தில் இருந்தது.

"இது யாரு வெச்சது அத்தான்?"

அவர் துணியால் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இந்த லெவல் யாரு வெச்சது?"

கம்பிகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவருடைய வலப்பக்கம் நின்றிருந்தேன். ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தேன். அதே குரலில், அதே அளவில் கேட்டேன்.

"நான்தான்" என்றார் உடனே. "வீட்டில ரெண்டு சின்ன ஸ்பீக்கர் வெச்சு, சமமா வர்ற வரைக்கும் ஏத்தினேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏன் சுற்றி வந்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

மாஸ்டரிடம் டீ குடித்துவிட்டு வருகிறோம் என்றேன். "குடிங்க. நான் எதையும் குடிக்கிற நிலைமையில இல்ல" என்றார்.

மேடைக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டு. டீயை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

"எப்பலேர்ந்து?"

"போன மழைக்கு முன்னாடி. ஒரு நாள் காலையில எழுந்தா, வலது காதுல பஞ்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. அழுக்குன்னு நினைச்சேன்."

"டாக்டர்?"

"ரெண்டு பேரைப் பார்த்தாச்சு. நரம்பு போச்சாம். இடது நல்லா இருக்காம். பத்திரமா வெச்சுக்குங்கன்னாரு, பீரோ சாவியைக் குடுக்கிற மாதிரி."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவதான் கண்டுபிடிச்சா. கேட்டதுக்குப் பதில் சொல்லலைன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தா. அப்புறம் அவளாவே கட்டில்ல பக்கம் மாறிப் படுத்தா. இப்ப இந்தப் பக்கத்துலேர்ந்து திட்டுறா. ஒண்ணுவிடாம கேக்குது."

நான் சிரிக்கவில்லை.

"எப்படி வாசிக்கிறீங்க?"

"எண்ணிக்கிட்டுத்தான். பதிலுக்கு எவ்வளவு இடம்னு தெரியுமில்ல. அதை விட்டுட்டு அடுத்ததைப் போட வேண்டியது."

"பதில் ஒரு தடவைகூட வரலேன்னு தெரியலையா?"

"அந்தப் பக்கத்துச் சத்தம் இந்தக் காதுக்கு மங்கலாத்தான் சுத்தி வரும், எண்ணுறப்ப அதைக் கவனிக்கிறதில்ல. வந்தாலும் வரலேன்னாலும் எனக்கு ஒண்ணுதானே. பழமொழியில சங்கு ஊதுவாங்களே, அந்த ஆளு நான்தான். பாதி."

"உங்களை நம்பி அந்தம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன் அத்தான்."

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என் பேரைச் சொல்லியிருப்பியா?"

டீ ஆறிப்போயிருந்தது. இருவரும் அதையே குடித்தோம்.

குடித்து முடித்தபோது ஒரு வழி தோன்றியது. ஆட்கள் உட்காரும் பக்கத்துக்கு இரண்டும் பிரிந்தே போகட்டும். அத்தானின் இடது மானிட்டருக்கு மட்டும் இரண்டையும் சேர்த்து அனுப்பினால், கேள்வியும் பதிலும் நல்ல காதிலேயே விழும். மிக்ஸரில் ஒரு குமிழைத் திருப்புகிற வேலை. சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா இத்தனை நாள் எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார். எழுந்தபோது அவர் நடையில் கொஞ்சம் வேகம் இருந்தது.

வலது லெவலை இறக்கினேன். இடது மானிட்டரில் இரண்டையும் கொண்டு வந்தேன். வாசித்தார். முதல் கேள்வி சரி. பதில் வந்ததும் அவர் விரல் நின்றது. மறுபடி ஆரம்பித்தார். இரண்டாவது பதிலோடு சேர்ந்து தானும் வாசித்துவிட்டார். மூன்றாவது முறை ஆரம்பித்து, கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அடக்கினார்.

என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"ரெண்டும் ஒரே வாசல்ல நுழையுது மச்சான். எது நான் வாசிச்சது, எது மெஷின் சொல்றதுன்னு தெரியல. இடிச்சுக்குது."

"பழகிடும்."

"நாளைக்குள்ளயா?"

நான் திரும்பி மிக்ஸரைப் பார்த்தேன்.

"பதிலை எடுத்துடு. எண்ணிக்கிறேன்."

எடுத்துவிட்டேன். அவர் தன் கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டு வாசித்தார். அந்தப் பெண் திரும்பினாள். பதில் வந்தது. ஓடினாள். மறுபடி கேள்வி. மறுபடி ஓட்டம். மாஸ்டர் அரங்கின் நடு வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தலை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. நான் மிக்ஸரில் கை வைத்தபடி நின்றேன். செய்வதற்கு எதுவும் இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது.

முடிந்ததும் மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "இதுதான். இதைத்தான் கேட்டேன்."

அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனாள்.

"ஒரு சந்தேகம் சார்" என்றார் மாஸ்டர். "வயர் புடுங்கினது யாரோ. சரி. நீங்க ஏன் நிறுத்தல?"

நான் வாயைத் திறந்தேன். மானிட்டர் பழுது என்று சொல்லியிருப்பேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"எனக்கு வலது காது கேக்காது மேடம்."

மாஸ்டர் எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி மேடைக்கு வந்தார். அத்தானின் எந்தப் பக்கம் நிற்பது என்று ஒரு கணம் தயங்கினார். எதிரில் நின்றார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்."

"சொல்லியிருந்தா கூப்பிட்டிருப்பீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். "மாட்டேன்" என்றார்.

அத்தான் தலையசைத்தார். அந்த நேர்மை அவருக்குப் பிடித்திருந்தது போல இருந்தது.

"நாளைக்கு நான் இருக்கேன் மேடம்" என்றேன். "மிக்ஸர் மீட்டர்லேர்ந்து கண்ணை எடுக்க மாட்டேன். ஏ.சி. ஒழுகினா ஒழுகட்டும்."

"நாளைக்குச் சரி. அதுக்கப்புறம்? ஊருக்கு ஊர் புது ஹால், புது ஆள். எவனாவது பெருக்குறேன்னு வயரைச் சுருட்டி வெச்சா? அவ நடுவுல நிப்பா. இவரு சிரிச்சுக்கிட்டே வாசிப்பாரு. பார்க்கிறவங்க முன்னாடி அது நடக்கணுமா?"

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எங்ககூட வர்றீங்களா தம்பி?"

என் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். இந்த அரங்கத்துக்குச் சவுண்ட் ஆள் நான் ஒருவன்தான். தரையில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைப் பார்த்தேன். "பார்க்கலாம் மேடம்" என்றேன்.

"அவன் வர மாட்டான்" என்றார் அத்தான். "வீட்டில இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கா. இவன் கூடவே இருக்கணும்."

"அத்தான்…"

"சும்மா இருடா." மாஸ்டரைப் பார்த்துத் திரும்பினார். "யோசிச்சுப் பார்த்தேன் மேடம். ஒவ்வொரு ஊர்லயும் இறங்கினதும் முதல் வேலையா அங்க இருக்கிற ஆள்கிட்டக் காதைப் பத்திச் சொல்லணும். சொன்ன உடனே அவன் கத்திக் கத்திப் பேசுவான். இல்லேன்னா சின்னப் பிள்ளைகிட்டப் பேசுற மாதிரி பேசுவான். அப்புறம் நான் வாசிக்கிற நேரமெல்லாம் அவன் மறந்திருப்பானோன்னு நினைச்சுக்கிட்டே இருக்கணும். நினைச்சாலே அசதியா இருக்கு."

"அப்ப என்ன பண்ணலாம்கிறீங்க?"

"தயாரிப்பாளர் கேட்டதையே பண்ணுங்க. ட்ராக். ஆனா வேற யாரும் வாசிக்க வேணாம். நான் இப்பவே வாசிக்கிறேன், இவன் எடுத்துக் குடுப்பான். நாளைக்கு மட்டும் நேர்ல."

மாஸ்டர் ஸ்டூலைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று அவரும் நினைத்திருக்கலாம்.

"மேடையில ஸ்டூல் காலியா இருக்குமே சார்" என்றார்.

"ஸ்டூலை எடுத்துடுங்க."

மாஸ்டர் பட்டை கட்டிய காலை மெதுவாக மடக்கி நீட்டினார். பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் ஓய்வு என்றார். இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்கள்.

நான் மிக்ஸரிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்புக் கொடுத்தேன். ஏ.சி.யை நிறுத்தினேன், அதன் இரைச்சல் பதிவில் விழும். அரங்கம் சட்டென்று சூடாவது போல இருந்தது. மேனேஜர் போன் செய்தார். எடுக்கவில்லை.

அத்தான் சுருதி சேர்த்தார். காதைக் கிடாரின் தோளில் வைத்துச் சேர்த்தார். இடது காது. காலையிலும் அப்படித்தான் செய்திருப்பார். நான் பார்க்கவில்லை.

மேடைக்குப் போய் அவருடைய இடப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"வேணும்னா பயணத்தைப் பத்தி இன்னொரு தடவை…"

"வேணாம் மச்சான். பேசியாச்சு."

"சரி. ரெண்டையும் சேர்த்து மோனோவா எடுக்கட்டுமா, பிரிச்சு ஸ்டீரியோவா? மோனோவா எடுத்தா நீங்க கேட்டுப் பார்க்கலாம். சரியா இருக்கா இல்லையான்னு உங்களுக்கே தெரியும். ஸ்டீரியோன்னா…"

"ஸ்டீரியோவா எடு" என்றார். "கேக்கிறவங்களுக்கு ரெண்டு காது இருக்குமே."

குனிந்து ப்ராசஸரின் திரையைப் பார்த்தார். நடுப்பகுதியின் அமைப்பைத் திறந்தார். அவருடைய விரல் வலது பக்கத்துக் குமிழின் மேல் போய் உட்கார்ந்தது. திருப்பவில்லை. எடுக்கவும் இல்லை.

"லெவலை நான் வைக்கிறேன் அத்தான்."

விரலை எடுத்தார்.

"வை" என்றார்.